சந்திரனுக்குக் கயிறு இல்லை

தட்டின் வலப் பாதி துடைத்து எடுத்ததுபோல் காலியாக இருந்தது. இடப் பாதியில் பொரித்த மீனும் கீரையும் கைபடாமல் கிடந்தன.

"இண்டைக்கு மீன் வாங்கேல்லையோ?" என்று கேட்டார் இராஜசிங்கம்.

சாரதாதேவி தட்டை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தாள். மீன் வலப் பக்கம் வந்து நின்றது.

"வாங்கியிருக்கிறீர்தானே. பிறகேன் ஒளிச்சு வைக்கிறீர்?" என்று மனைவியைக் கடிந்துகொண்டே சாப்பிடத் தொடங்கினார்.

அவர் மூளையின் வலப் பக்கத்தில் ஒரு இரத்தக் குழாய் அடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இடக் கையும் இடக் காலும் தளர்ந்துபோயின. அது பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. பார்த்தால் தெரியாத ஒன்றும் கூடவே வந்திருந்தது. கண்கள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் உலகத்தின் இடப் பாதி அவருக்கு இல்லாமல் போய்விட்டது. வலக் கன்னத்தை மட்டும் மழித்துக்கொண்டு குளியலறையிலிருந்து வந்தார். நாளிதழை விரித்தால் ஒவ்வொரு வரியிலும் பின்பாதியை மட்டும் படித்துவிட்டு, "இவங்களுக்கு ஒரு வசனம் ஒழுங்கா எழுதத் தெரியாது" என்று மடித்து வைத்தார். ஆஸ்பத்திரியில் கடிகாரம் ஒன்று வரையச் சொன்னபோது பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலப் பக்கத்திலேயே நெருக்கி அடுக்கினார். மலேசியாவின் ஈப்போவில் முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்த மனிதர். வரைந்து முடித்து, "சரிதானே?" என்று டாக்டரை நிமிர்ந்து பார்த்தார்.

இருட்டில் துழாவுகிறவனுக்குக்கூட அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரியும். இவருக்கு 'அங்கே' என்பதே கிடையாது. இல்லாத இடத்தைத் தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

குனோங் ராபாட்டில் இருந்த அவர்களுடைய வரிசை வீட்டுக்கு வாரம் இருமுறை பிசியோதெரபிஸ்ட் ஒருத்தி வந்தாள். பெயர் கலாதேவி. முப்பதைத் தாண்டாத பெண். சுண்ணாம்புமலையின் நிழல் விழும் இடமாகப் பார்த்துத் தன் பழைய மைவி காரை நிறுத்திவிட்டு வருவாள். முதல் நாள் சாரதா, "பிள்ளைக்கு எந்த இடம்?" என்று விசாரித்தாள்.

"சிலிம் ரிவர் பக்கம் ஆன்ட்டி. ரப்பர் எஸ்டேட்டு. இப்ப எஸ்டேட்டு இல்ல, எல்லாம் வீடு கட்டிட்டாங்க."

"ஓ" என்றாள் சாரதா.

தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்ததும் வரும் அந்த "ஓ"வைக் கலாதேவி இதுபோன்ற சிலோன்காரர் வீடுகளில் முன்பும் கேட்டிருக்க வேண்டும். முகம் மாறாமல் பையைத் திறந்து சிவப்பு டேப் ஒன்றை எடுத்தாள். கூடத்தில் இராஜசிங்கம் உட்காரும் மர நாற்காலிக்கு இடப் பக்கம், சமையலறைக் கதவின் நிலையில், ஒரு முழ நீளத்துக்கு அதை ஒட்டினாள்.

"அங்கிள் இந்தச் செவப்பத் தானா தேடிப் பிடிக்கணும். யாரும் தலையத் திருப்பி விடக்கூடாது. ஆன்ட்டி, நீங்க எப்பவும் அவருக்கு லெப்ட்லயே இருங்க. பேசறது, சோறு போடறது, சண்டை போடறது, எல்லாம் அந்தப் பக்கம் இருந்துதான்."

"அவர் என்னைக் காணாரே பிள்ளை."

"காண மாட்டாரு. தேடுவாரு. தேடினாத்தான் தலை திரும்பும். பாவம் பாக்காதீங்க லா. நீங்க பாவம் பாத்து ரைட்டுக்குப் போயிட்டா அவரு கழுத்து அப்படியே நின்னுரும். இந்த மாசம், அடுத்த மாசம், இதுக்குள்ளதான் மூளை படிக்கும். விட்டுட்டா அப்புறம் கஷ்டம்."

"திரும்பப் பழகினால்?"

"அவரே நடப்பாரு. ரோட்டத் தாண்டுவாரு. நீங்களும் கொஞ்சம் மூச்சு விடலாம்."

எல்லாம் அந்த ஒரு அசைவில் வந்து நின்றது. அவர் தலை இடப் பக்கம் திரும்ப வேண்டும். வேறெதுவும் வேண்டாம். சாரதா அன்றைக்கே தன் முக்காலியை எடுத்து அவருக்கு இடப் பக்கம் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பக்கம் அவளுக்குப் புதிதும் அல்ல. கழுத்தில் தாலி ஏறிய கையோடு மணவறையில் அவளை எழுப்பி அவருக்கு இடப் பக்கத்தில் மாற்றி உட்கார வைத்தார்கள். அதன்பிறகு நாற்பது வருடத்துக்கு மேலாகக் கோயிலில், கல்யாண வீடுகளில், படம் எடுக்கும்போது, படுக்கையில், எங்கும் அவள் இடம் அதுதான். இப்போது அந்த இடம் அவருடைய உலகத்திலிருந்து கழன்று விழுந்துவிட்டது. அதனுள் அவள் உட்கார்ந்து, "இஞ்சருங்கோ, இஞ்ச பாருங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் வலப் பக்கச் சுவரைப் பார்த்து, "எங்கயிருந்து கதைக்கிறீர்? குசினியிலயோ?" என்பார்.

அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். சக்கர நாற்காலி வேண்டாம் என்று ஊன்றுகோலோடு நிமிர்ந்து நின்றார். பட்டு வேட்டியில் பழைய இராஜசிங்கம் மாஸ்டர் மாதிரியே இருந்தார்.

"அம்மா, இடப் பக்கமா வந்து நில்லுங்கோ" என்றார் குருக்கள்.

நின்றாள். தளர்ந்து தொங்கிய இடக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சாரதா வரேல்லையோ?" என்று அவர் உரக்கக் கேட்டார். மந்திரம் ஒரு கணம் நின்றது.

"இஞ்சதான் நிக்கிறன்."

குரல் வந்ததும் வலப் பக்கம் திரும்பினார். அங்கே அண்ணன் மகன் கார்த்திகேசு நின்றுகொண்டிருந்தான். "எங்கையடா உன்ர சித்தி? காரிலயோ இருக்கிறா?"

"சித்தப்பா, சித்தி உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறா." கார்த்திகேசு சுற்றி வந்து, சாரதாவின் பிடியோடு சேர்த்து அந்தக் கையைத் தூக்கி அவர் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து காட்டினான்.

அவர் அதை உற்றுப் பார்த்தார். "இது ஆரின்ர கை?" என்றார். "ஆரின்ரயோ கையைக் கொண்டுவந்து எனக்குக் காட்டுறாய்."

யாரோ சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு அல்ல, அடக்க முடியாமல் வந்ததுதான். உடனே ஒரு பெண்குரல், "பாவம் சாரதா அக்கா" என்றது. சிரிப்பைத் தாங்கிக்கொண்டவளால் அந்தப் 'பாவ'த்தைத் தாங்க முடியவில்லை. புதுக் கைம்பெண்ணைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்கள். புருஷன் பட்டு வேட்டியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முக்காலியை இழுத்து அவருக்கு வலப் பக்கம் போட்டாள்.

"ஆ, வந்திட்டீர்" என்று அவர் முகம் மலர்ந்தது.

அப்புறம் கலாதேவி வரும் நாட்களில் மட்டும் முக்காலி இடப் பக்கம் இருந்தது.

நாற்காலி விஷயம் அவள் நினைத்துச் செய்ததல்ல, தொடக்கத்தில். தரையைத் துடைக்கும்போது நாற்காலியை நகர்த்தினாள். திரும்பப் போடும்போது கொஞ்சம் இடப் பக்கம் பார்த்தபடி போட்டுவிட்டாள். அவர் வந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில், "கதவில என்ன அது, சிவப்பா?" என்றார்.

அவள் கையிலிருந்த துணி நழுவியது. "கண்டனீங்களோ?"

"காணாம என்ன? எனக்கென்ன கண் தெரியாதே?" என்று சிரித்தார். பரீட்சையில் முதலாவது வந்த பையன் சிரிக்கிற மாதிரி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை.

மறுநாள் அவர் குளிக்கும்போது நாற்காலியை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. சிவப்பு டேப் அவருடைய நேர்ப்பார்வைக்கு வந்தது. பிறகு அதையும் தாண்டி வலப் பக்கம் வந்தது. ஒவ்வொரு நாளும் இன்னும் வேகமாகக் கண்டுபிடித்தார். அவர் தலை அசையவேயில்லை. நாற்காலிதான் திரும்பியது. அது சாரதாவுக்குத் தெரியும். தெரிந்தும், "இண்டைக்கும் கண்டுபிடிச்சிட்டார்" என்று கோலாலம்பூரில் இருக்கும் மகள் அனுஜாவுக்குப் போனில் சொன்னபோது அவள் குரலில் இருந்த சந்தோஷம் பொய்யில்லை.

கலாதேவி அடுத்த தடவை வந்து, "அங்கிள், செவப்பு எங்க?" என்று கேட்டாள். "அதோ, கதவில" என்று ஊன்றுகோலை நீட்டினார்.

கலாதேவி கைதட்டினாள். "வாவ், வாவ்! அங்கிள் ஜெயிச்சுட்டாரு லா!" தட்டிய கை பாதியில் மெதுவானது. தரையைப் பார்த்தாள். வருஷக்கணக்காக நாற்காலிக் கால்கள் நின்ற இடங்களில் மொசைக்கல்லில் நான்கு கறுப்பு வட்டங்கள் இருந்தன. கால்கள் அவற்றில் இல்லை.

"ஆன்ட்டி, நாற்காலிய நகத்தினீங்களா?"

"தரை துடைக்கேக்க நகர்ந்திருக்கும்" என்றாள் சாரதா.

கலாதேவி அவளைப் பார்த்தாள். இராஜசிங்கம் இன்னும் ஊன்றுகோலை நீட்டியபடி, பாராட்டுக்குக் காத்திருக்கும் முகத்தோடு இருந்தார். "சரி" என்றாள் கலாதேவி. "தெருக்கோடி வரைக்கும் கூட்டிட்டுப் போலாம். இடுப்பு பெல்ட்ட விடக்கூடாது. லெப்ட்ல பிடிச்சுக்கிட்டே போகணும், சரியா?"

"பூரணைக்குப் போவம்" என்றார் அவர். "மலைக்குப் பின்னால எழும்புறதைப் பாக்கவேணும்."

பௌர்ணமியன்று வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். அவள் இடப் பக்கம் நின்று, இடுப்பில் கட்டிய அகலமான பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். தெரு முடியும் இடத்தில் மூடியில்லாத பெரிய சாக்கடை ஓடியது. அதற்கு அந்தப் பக்கம் முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலம் செம்மண்ணாக வழித்துக் கிடந்தது. ஓரத்தில் நாலைந்து ரப்பர் மரங்கள் மட்டும் பால்வெட்டுத் தழும்புகளோடு மிஞ்சியிருந்தன. நடுவில் வீட்டு விளம்பரப் பலகை. தூரத்தில் சுண்ணாம்புமலை, குவாரிக்காரர்கள் வெட்டியெடுத்த பக்கம் வெள்ளையாகத் தெரிய நின்றது.

கடைசி வீட்டு உடையப்பன் காவலாளிச் சீருடையில் மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. அதற்கு முன் லாரி, அதற்கும் முன் தோட்டம்.

"சார்! என்னா இது, நடந்தே வந்துட்டீங்க. அடுத்த வாரம் மராத்தான் ஓடுவீங்க போலருக்கே."

"சந்திரன் பாக்க வந்தனான். நீரும் நில்லும், வேலைக்கு ஓடாதையும்."

"போலாம் சார், டைம் இருக்கு. என்னா அக்கா, சார் கிளாஸ் எடுக்கப் போறாரா?"

மலைவிளிம்புக்குப் பின்னால் வானம் வெளுத்தது. சற்று நேரத்தில் நிலா தலையைக் காட்டியது, மங்கலான செம்மஞ்சளில், இருக்கவேண்டியதைவிடப் பெரியதாக.

"அது எங்களுக்கு எப்பவும் ஒரே முகத்தைத்தான் காட்டுது" என்றார் இராஜசிங்கம். "ஏனெண்டு தெரியுமோ?"

"சுத்தாம நிக்குது. அதனாலதான்."

"பிழை!" என்றார் அவர். வகுப்பில் தவறான பதில் வந்துவிட்டால் அவருக்கு அப்படி ஒரு உற்சாகம். முப்பது வருடமும் இதை மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லிக்கொடுத்தவர். தமிழில் சொல்வது இதுதான் முதல் தடவை என்று சாரதாவுக்குத் தோன்றியது. சொல் தேடித் தேடிப் பேசினார். "சுத்துது. எங்களை ஒருக்காச் சுத்தி வாற நேரத்தில தன்னையும் சரியா ஒருக்காச் சுத்துது. முந்தி அப்பிடி இல்லை. முந்தி பம்பரம் மாதிரி வேகமாச் சுத்தினது."

"அப்ப யாரு நிறுத்துனா?"

"பூமி. அடிச்சு நிறுத்தேல்லை. இழுத்து நிறுத்தினது. கிட்ட இருக்கிற பக்கத்தைப் பூமி கூட இழுக்கும், தூரத்துப் பக்கத்தைக் குறைய இழுக்கும். அப்ப சந்திரன் கொஞ்சம் நீளும், பந்து முட்டை மாதிரி ஆகும். கல்லெண்டாலும் நீளும். அந்த வீங்கின பக்கத்தைச் சந்திரன் சுத்திக்கொண்டு போகப் பாக்கும். பூமி, 'எங்க போறாய், இஞ்ச வா' எண்டு திருப்பி இழுக்கும். ரொட்டிக்கு மாப் பிசையிற மாதிரி ஒவ்வொரு சுத்துக்கும் கல்லுப் பிசைபட்டுச் சூடாகும். சுத்துற வேகமெல்லாம் சூடாப் போயிடும். கோடிக்கணக்கான வருஷம். கடைசியில அந்தப் பக்கம் எங்களைப் பாத்தபடி நிண்டிட்டுது. பிறகு அதுக்கு விலத்த ஏலாது."

உடையப்பன் நிலாவைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "அப்ப அது வேலை செய்யுது, ஆனா சும்மா நிக்கிற மாதிரி தெரியுது. எங்க எஸ்டேட்டுல வேலை வாங்கற மண்டோரு தலைகீழ் சார். அந்தாளு சும்மா நிப்பான், வேலை செய்யற மாதிரி தெரியும்."

இராஜசிங்கம் உடல் குலுங்கச் சிரித்தார். பெல்ட் வழியாக அந்தக் குலுக்கல் சாரதாவின் கைக்கு வந்தது.

"இன்னும் கேளும். சந்திரனும் பூமியைச் சும்மா விடேல்லை. லூமூட்டில கடல் ஏறி இறங்கிறது பாத்திருப்பீர். அந்தத் தண்ணி வீக்கத்தைப் பூமி தன்ர சுழற்சியில முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போகுது. சந்திரன் அதைப் பிடிச்சுப் பின்னுக்கு இழுக்குது. அதால பூமியும் மெதுவாகுது, நாள் நீளுது, எங்களுக்குத் தெரியாத அளவில. சந்திரன் தள்ளித் தள்ளிப் போகுது, நகம் வளர்ற வேகத்தில."

"ஒருநாள் ரெண்டும் நின்னுருமா சார்?"

"விட்டு வைச்சா, ரெண்டும் ஒண்டையொண்டு பாத்தபடி நிக்கும். அதுக்கு முன்னம் சூரியன் முடிஞ்சிடும். ஆனா புளூட்டோவும் அதின்ர பெரிய சந்திரனும் இப்பவே அப்பிடித்தான். ஒண்டுக்கொண்டு முதுகு காட்டவே ஏலாது."

சாரதா பெல்ட்டைக் கை மாற்றிப் பிடித்தாள். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அவருக்கு முதுகு காட்டிய நேரம் அவர் குளியலறையில் இருக்கும் நேரம்தான். அப்போதும் கதவைத் திறந்து வைத்திருந்தாள். புதன்கிழமை பஜனைக்குப் போவதில்லை. சந்தைக்குப் போவதில்லை, மீனைக்கூடப் பக்கத்து வீட்டில் சொல்லி வாங்கினாள். தனக்கும் ஒரு சுழற்சி இருந்திருக்கிறது, அது எங்கோ சூடாகித் தீர்ந்துவிட்டது என்று நினைத்தாள். நினைத்ததை அங்கேயே விட்டாள்.

"செய்து காட்டுறன்" என்றார் அவர். "சாரதா, நீர் பூமி. நடுவில நில்லும். நான் உம்மைப் பாத்தபடியே சுத்தி வாறன்."

வகுப்பில் ஒரு பையனை நாற்காலியில் உட்கார வைத்து, அவன் முகத்தைப் பார்த்தபடியே பக்கவாட்டில் அடியெடுத்து அவனைச் சுற்றி வருவார். பையன்கள் சிரிப்பார்கள். ஒரு சுற்று முடிந்ததும், "இப்ப நான் எத்தினை பக்கத்தைப் பாத்தனான்? நாலு சுவரையும் பாத்தனான். அப்ப நானும் ஒருக்காச் சுத்தினனானா இல்லையா?" என்று கேட்பார். சாரதா அதைப் பார்த்ததில்லை. அவருடைய பழைய மாணவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"வேண்டாம். வீட்டில செய்வம்."

"வீட்டில எங்க இடம்? பெல்ட்டை விடும்."

"விடக் கூடாதெண்டு சொன்னவள்."

"சந்திரனுக்குக் கயிறு இல்லை" என்றார். உடையப்பன் சிரித்தார். "விடுங்க அக்கா, நான் இருக்கேன்ல."

அவர் அவளைப் பார்த்தபடி நின்றார். எந்தப் பக்கம் அடியெடுக்கப் போகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "மற்றப் பக்கமாச் சுத்துங்கோ" என்றாள். அவர் இடப் பக்கமாக அடியெடுத்துப் போனால் அவள் அவருடைய வலப் பக்கமாக விலகுவாள். அவர் சுலபமாகத் திரும்பிக்கொள்வார்.

"மற்றப் பக்கம் போனா அது சந்திரன் இல்லை. பூமியைச் சுத்தேக்க அது மேற்கிலயிருந்து கிழக்கதான் போகும்."

உங்களுக்கு இடப் பக்கம் தெரியாது என்று அப்போது சொல்லியிருக்கலாம். கோயிலில் கேட்ட சிரிப்பும் 'பாவ'மும் உடையப்பன் வாயிலிருந்தும் வரும். அதுவும் போக, தினமும் போனில் சொல்லிச் சொல்லி, சிவப்பு டேப்பை அவர் உண்மையாகவே கண்டுபிடித்தார் என்று அவளே பாதி நம்பத் தொடங்கியிருந்தாள். பெல்ட்டை விட்டுவிட்டு நடுவில் போய் நின்றாள்.

அவர் வலப் பக்கம் ஓர் அடி வைத்தார். இடக் காலை இழுத்துச் சேர்த்தார். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு கொஞ்சம் இடப் பக்கம் திரும்பினால்தான் அவள் முகத்துக்கு நேரே இருப்பாள். அவர் திரும்பவில்லை. இன்னோர் அடி. புன்னகை மாறாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள், அவள் விலக விலக, அவளை விட்டுவிட்டன. அவள் எங்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, புருஷனின் பார்வையிலிருந்து தான் அணைந்து போவதைப் பார்த்தாள்.

"சாரதா?"

"இஞ்ச. இஞ்ச திரும்புங்கோ!"

"எங்க போயிட்டீர்?"

அவளைத் தேடித்தான் திரும்பினார், அவருக்கு இருந்த ஒரே பக்கமாக. வலப் பக்கம், இன்னும் வலப் பக்கம், சுற்றி வந்தால் எங்காவது அகப்படுவாள் என்பதுபோல். உடம்பு சுழன்றது, இடக் கால் நின்ற இடத்தில் நின்றது. ஊன்றுகோல் சாக்கடை விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் ஊன்றியது. உடையப்பன் சிகரெட்டை எறிந்துவிட்டு ஓடிவந்தார். அவர் எட்டுமுன் தலை சிமெண்டில் மோதிய சத்தம் இருவருக்கும் கேட்டது.

இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை, உள்ளே கசிந்த இரத்தத்தையும் உறையவிடவில்லை. ஆபரேஷன் தாங்க மாட்டார் என்றார்கள். நெஞ்சில் சளி கட்டியது. வலியில்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று இளம் டாக்டர் மலாயில் மெதுவாகச் சொன்னபோது அனுஜா வார்டுக்கு வெளியே போய் நின்று போனில் யாரையோ ஏசினாள். "நடக்கலாம் எண்டு ஆர் விட்டது? எஸ்டேட்டிலயிருந்து வந்ததுகளுக்கு லைசன்ஸ் குடுத்தா இப்பிடித்தான்." உள்ளே இருந்த சாரதாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எழுந்து போய் மகள் கையிலிருந்து போனை வாங்கியிருக்கலாம். அவள் எழவில்லை.

கட்டிலுக்கு வலப் பக்கம் சொட்டுமருந்துக் கம்பமும் சாமான் பெட்டியும் சுவரும். இடப் பக்கம் வந்தவர்கள் உட்காரும் நாற்காலி. சாரதா அதில் நாள் முழுக்க இருந்தாள். அவர் அவ்வப்போது விழித்து, "சாரதா வந்தவவோ?" என்று கம்பத்தைக் கேட்டார். "இஞ்ச இருக்கிறன். திரும்புங்கோ" என்றாள் அவள், ஒவ்வொரு தடவையும். இப்போது கலாதேவி சொன்ன விதியை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பார்வையாளர் நேரத்தில் கலாதேவி வந்தாள். சீருடை இல்லை. சாதாரண சுடிதாரில் இன்னும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். கட்டில் காலடியில் நின்று அவர் மூச்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மகள் ஏதும் சொல்லியிருந்தா மனசில வைக்காதை" என்றாள் சாரதா. பிறகு, "நாற்காலியை நான்தான் திருப்பினனான்" என்றாள்.

"தெரியும் ஆன்ட்டி. தரையில கறுப்பு வட்டம் இருந்துச்சே."

"தெரிஞ்சுகொண்டே ஏன் விட்டனீ?"

"அன்னைக்கு அவரு சிரிச்சாரு" என்றாள் கலாதேவி. "ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு போறேன். ஒரு வீட்லயும் யாரும் சிரிக்கிறதில்ல. அந்த ஒண்ணாச்சும் நெஜமா இருக்கட்டும்னு..." முடிக்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கட்டிலில் அவர் விழித்தார். "சாரதா வந்தவவோ?"

சாரதா வாயைத் திறப்பதற்குள் கலாதேவி நகர்ந்தாள். வலப் பக்கம் போய்ச் சொட்டுமருந்துக் கம்பத்தைத் தலைமாட்டுக்குத் தள்ளினாள். சாமான் பெட்டியைக் காலால் ஒதுக்கினாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு நாற்காலி அளவுக்கு இடம் உண்டாயிற்று.

"எழுந்திரிங்க ஆன்ட்டி. ரைட்டுக்கு வாங்க."

"நீதானே சொன்னனீ, இந்தப் பக்கம் இருந்தாத்தான் தேடுவார் எண்டு."

கலாதேவி கட்டிலைச் சுற்றி வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். சாரதா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக எழுந்தாள். வலியில்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் மலாயில் சொன்னதன் பொருள் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கலாதேவி நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கிக் கட்டிலைச் சுற்றிக் கொண்டுபோய் அந்த இடைவெளியில் வைத்தாள். சாரதா போய் உட்கார்ந்தாள்.

அவர் கண்கள் கம்பத்திலிருந்து இறங்கி அவளிடம் வந்து நின்றன.

"வந்திட்டீரோ" என்றார். "இவ்வளவு நேரமும் எங்க போய் நிண்டீர்?"

"மீன் வாங்கப் போனனான்" என்றாள் சாரதா.